இருபத்துநான்கு நாளும் நாற்பது மணி நேரமும்

இந்தியாவில் நிலத்தடிச் சுரங்கத்தில் புதிதாகச் சேரும் ஒருவருக்கு 24 வேலை நாள் பயிற்சி தரவேண்டும் என்கின்றன 1966ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள். திறந்தவெளிச் சுரங்கம் என்றால் 12 நாள். அமெரிக்காவில் நிலத்தடிக்குப் போகும் ஆளுக்கு 40 மணி நேரம்தான். நாளுக்கு எட்டு மணி என்று வைத்துக்கொண்டால் ஐந்தே நாள். தரைமேல் வேலைக்கு 24 மணி நேரம், மூன்று நாளில் முடிந்துவிடும். இரண்டு நாட்டு விதிகளையும் முதன்முதலாக அருகருகே வைத்துப் படித்தபோது, எங்கோ வரி மாறிப் படித்துவிட்டேனோ என்று திரும்பவும் பார்த்தேன். இல்லை. தாளில் நாம்தான் தாராளம்.

அப்படித் தாராளமாகத் தொடங்கும் நம் விதி பிறகு எங்கே கைநழுவுகிறது, கஞ்சத்தனமாகத் தொடங்கும் அவர்கள் விதி எப்படி ஆளை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்பதே இங்கே என் அக்கறை. இரு நாட்டு விபத்துச் சாவுகளை எதிரெதிரே நிறுத்தித் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. இயந்திரங்கள் வேறு, பாறை வேறு, ஆட்களின் எண்ணிக்கை வேறு. போதாக்குறைக்கு, பதிவேட்டில் பெயர் ஏறாத ஆள் செத்தால் அது எந்தக் கணக்கில் சேரும் என்பதும் நம்மூரில் தீராத கேள்வி.

அமெரிக்க விதியைப் புரிந்துகொள்ள ஒரு வெள்ளிச் சுரங்கத்துக்குள் போகவேண்டும். ஐடஹோ மாநிலத்தில் கெல்லாக் ஊரையொட்டிய சன்ஷைன் சுரங்கம். 1972 மே 2 அன்று ஆழத்தில் எங்கோ பற்றிய நெருப்பு காற்றோட்டப் பாதைகளில் புகையையும் கார்பன் மோனாக்சைடையும் தள்ளிவிட்டது. 91 பேர் இறந்தார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு பேரை மட்டும் உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள்.

அங்கே செல்ஃப் ரெஸ்க்யூவர் என்ற கையடக்கக் கருவி இருந்தது. வாயில் கவ்விக்கொண்டு மூச்சிழுத்தால் உள்ளே வரும் கார்பன் மோனாக்சைடை அது கரியமில வாயுவாக மாற்றும். அந்த வேதிமாற்றத்தில் வெப்பம் பிறக்கும். காற்றில் நஞ்சு ஏற ஏற, வாய்க்குள் வரும் காற்று சுடும். அதாவது சுடுவதுதான் கருவி வேலை செய்வதற்கு அடையாளம். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால்தான் தெரியும். சொல்லாதவரைக்கும், புகை நடுவே வாய் சுடும்போது மனிதன் என்ன செய்வான்? கெட்டுப்போன சாமான் என்று எடுத்து எறிவான். சிலர் அப்படித்தான் எறிந்தார்கள். பலருக்கு அந்தக் கருவியைப் பயன்படுத்தும் பயிற்சியே தரப்படவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது.

ஒரே ஒரு வாக்கியம்தான் அது: "சுட்டாலும் எடுத்துவிடாதே." அதைச் சொல்ல 24 நாளும் வேண்டாம், 40 மணி நேரமும் வேண்டாம்.

நான்கு ஆண்டுக்குப் பிறகு, 1976 மார்ச்சில், கென்டக்கியின் ஸ்கோஷியா நிலக்கரிச் சுரங்கத்தில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு வெடிப்புகள். 26 பேர் பலி, அவர்களில் மூன்று பேர் அரசின் சுரங்க ஆய்வாளர்கள். அடுத்த ஆண்டு வந்தது 1977ஆம் ஆண்டின் சுரங்கப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம். அதன் 115ஆம் பிரிவு பயிற்சிக்கென்றே எழுதப்பட்டது. 40 மணி, 24 மணி என்ற கணக்குகள் அதில்தான் இருக்கின்றன. அவற்றைவிடக் கனமானவை கூடவே வரும் மூன்று சிறு விஷயங்கள். ஒவ்வொரு ஆண்டும் குறைந்தது எட்டு மணி நேரம் மறுபயிற்சி. பயிற்சி வேலை நேரத்தில்தான் நடக்கவேண்டும். அந்த நேரத்துக்கு வழக்கமான சம்பளம் உண்டு.

ஆனாலும் சன்ஷைன் பாடத்தை அந்த நாடு முழுதாகப் படிக்க இன்னும் 30 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2006 ஜனவரி 2 அன்று மேற்கு வர்ஜீனியாவின் சாகோ சுரங்கத்தில் வெடிப்பு நடந்து 13 பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். பிழைத்தது ஒருவர்தான். தங்களிடமிருந்த மூச்சுக் கருவிகளில் குறைந்தது நான்கு வேலை செய்யவில்லை என்று அவர் சொன்னார். பின்னர் சோதித்தவர்களோ அவை இயங்கியிருக்கின்றன என்றார்கள். இதில் யாரும் பொய் சொல்லியிருக்கவேண்டியதில்லை. அமைதியான வகுப்பறையில் கருவியைத் திறந்து காட்டுவதும், இருட்டில் புகையில் அதை மாட்டிக்கொண்டு, இழுத்தாலும் காற்று சரியாக வராததுபோல் தோன்றும்போது பொறுத்துக்கொள்வதும் ஒன்றல்லவே. அந்த ஆண்டே புதுச் சட்டம் வந்தது. அதன் வழியில் வந்த விதிகள் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தப்பிக்கும் ஒத்திகையைக் கட்டாயமாக்கின. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு தொழிலாளியும் பயிற்சிக் கருவியொன்றை வாயில் வைத்து, அதன் சூட்டையும் மூச்சுத் தடையையும் தானே உணர்ந்து பார்க்கவேண்டும் என்றும் சொல்லின. சூட்டை வாயில் காட்டிப் பழக்க 1972இலிருந்து 34 ஆண்டுகள்.

இந்தியப் பக்கம் வருவோம். 1965 மே 28 அன்று, இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் தோரி நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு. 268 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு வந்தவை மேலே சொன்ன பயிற்சி விதிகள். அவற்றின் பெயரிலேயே ஒரு குறிப்பு ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றும். அமெரிக்கச் சட்டத்தின் தலைப்பில் பாதுகாப்பும் உடல்நலமும் இருக்கின்றன. நம் விதிகளின் தலைப்பில் தொழிற்பயிற்சி. வயலிலிருந்து நேரே சுரங்கத்துக்கு வந்த ஆளைத் தொழிலாளியாக ஆக்குவது அன்றைய தேவை. அதனால்தான் நாட்கள் கூடுதல்.

அந்த நாட்களை நான் குறைசொல்லமாட்டேன். பெரிய நிலக்கரிச் சுரங்கங்களில் வி.டி. சென்டர் எனப்படும் தொழிற்பயிற்சி மையங்களில் தரைமேலேயே மாதிரிச் சுரங்கப் பாதை கட்டியிருப்பார்கள். முட்டுக்கட்டை நிறுத்துவது, கேப் லாம்ப் கட்டுவது, இழுவை வண்டிக்கான மணிச் சைகைகள், கூரையைக் கம்பியால் தட்டிக் காது கொடுப்பது எல்லாம் அங்கே பழக்கப்படும். கெட்டியான கூரை கணீரென்று ஒலிக்கும். பிளந்து தொங்கும் கூரை பொத்தென்று மந்தமாகச் சொல்லும். தட்டிப் பார்த்துப் பானை வாங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் சட்டென்று பிடிபடும். ஐந்து நாளில் காது இப்படித் தேறாது. இருபத்துநான்கு நாளில் தேற வாய்ப்பிருக்கிறது.

கைநழுவுவது இதற்குப் பிறகு. நம் விதிப்படி அடுத்த மறுபயிற்சிக்கு ஐந்து ஆண்டு இடைவெளி. ஐந்து ஆண்டில் சுரங்க முகப்பு எவ்வளவோ தூரம் நகர்ந்துவிடும். தப்பிக்கும் வழி மாறியிருக்கும். புது இயந்திரம் வந்திருக்கும். ஒப்பந்ததாரர் இரண்டு மூன்று பேர் மாறியிருப்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளி ஒரே சுரங்கத்தில் ஐந்து ஆண்டு நிலைத்தால்தானே அந்த மறுபயிற்சி அவரைத் தேடி வரும்? 2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்டின் ராஜ்மகால் திறந்தவெளிச் சுரங்கத்தில் மண்மேடு சரிந்து 23 பேர் புதைந்து இறந்தார்களே, அவர்கள் ஒப்பந்ததாரரின் கீழ் வேலை செய்தவர்கள். 1966ஆம் ஆண்டு விதியை எழுதியவர்களின் கண்முன் இருந்தது நிரந்தரத் தொழிலாளி. அந்த ஆள் அப்போதே குறைந்துகொண்டிருந்தாரா, பிறகு குறைக்கப்பட்டாரா என்பது வேறு கட்டுரை.

மறுபயிற்சி இடைவெளியைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு வேறுபாடு. பயிற்சி பெறாத ஆள் வேலையில் நிற்பதை ஆய்வாளர் பார்த்தால் என்ன ஆகும்? அமெரிக்கச் சட்டத்தின் 104ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பயிற்சி பெறாதவர் தனக்கும் பிறருக்கும் ஆபத்து என்று அறிவித்து, அவரை உடனே சுரங்கத்தைவிட்டு வெளியேற்ற உத்தரவிடவேண்டும். பயிற்சி முடியும்வரை அவர் திரும்ப வரக்கூடாது. படிக்கும்போது தொழிலாளியைக் குற்றவாளி ஆக்குவதுபோல் இருக்கும். அடுத்த வரியில்தான் சூட்சுமம்: வெளியேற்றப்பட்ட நாட்களுக்கு அவர் சம்பளத்தில் ஒரு காசு குறைக்கக்கூடாது. வேலையும் நடக்காது, கூலியும் கொடுக்கவேண்டும். பயிற்சி தராமல் மிச்சப்படுத்திய பணம் இப்படி இரட்டிப்பாகக் கையைவிட்டுப் போகும் என்று தெரிந்தால் எந்த முதலாளியும் வகுப்பை ஒத்திப்போடமாட்டார்.

ஆபத்தான இடத்தில் வேலையை நிறுத்தும் அதிகாரம் இந்தியச் சுரங்க ஆய்வாளருக்கும் உண்டு. ஆனால் அந்த அதிகாரம் பார்ப்பது இடத்தை: கூரையை, சுவரை, வாயுவை. பயிற்சியில்லாத ஆளையே ஓர் ஆபத்தாகக் குறித்து, அதன் செலவை உடனடியாக முதலாளி தலையில் கட்டும் ஏற்பாடு நம் பயிற்சி விதிகளில் இல்லை. ஆய்வாளர் எப்போது வருவார் என்பதும் சேர்ந்தது. நிலத்தடிச் சுரங்கத்துக்கு ஆண்டுக்கு நான்கு முறை, தரைமேல் சுரங்கத்துக்கு இரண்டு முறை முழு ஆய்வு என்று அமெரிக்கச் சட்டமே எண்ணிக்கை போட்டிருக்கிறது. 1952ஆம் ஆண்டின் நம் சுரங்கச் சட்டத்தில் அப்படி ஓர் எண் இருந்ததில்லை.

பாடத்திட்டத்திலும் ஒன்றைச் சொல்லவேண்டும். அங்கே புதிய தொழிலாளிக்கான பாடங்களின் பட்டியலில் முன்வரிசையில் இருப்பது சட்டம் அவருக்குத் தரும் உரிமைகள். ஆபத்து என்று புகார் சொன்னதற்காக அவரை வேலையைவிட்டு நீக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஹெல்மெட் மாட்டுவதற்கு முன் இது. எனக்கு இது மிகச் சரியான வரிசையாகப் படுகிறது. கூரை மந்தமாக ஒலிக்கிறது என்று காது சொன்னாலும், "நான் இதன் கீழே நிற்கமாட்டேன்" என்று வாய் சொல்லத் துணியாவிட்டால் தேறிய காதால் என்ன பயன்?

இவ்வளவு சொல்லியதால் அமெரிக்காவை உச்சிமேல் வைக்கிறேன் என்று எண்ணவேண்டாம். கல்குவாரி விஷயத்தில் இரண்டு நாடும் பங்காளிகள்.

1977 சட்டம் வந்த கையோடு அங்கே கல், மணல், சரளை, களிமண் குவாரிக்காரர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு எழுதிய விதியைச் சின்ன குவாரியின் தலையில் கட்டுவதா என்பது அவர்கள் வாதம். நாடாளுமன்றம் விதியை ரத்து செய்யவில்லை. அதைவிடச் சாமர்த்தியமாக, ஆண்டுதோறும் நிதி ஒதுக்கும் மசோதாவில் ஒரு வரி சேர்த்தது. இந்தக் குவாரிகளில் பயிற்சி விதியை அமல்படுத்த ஒரு டாலர்கூடச் செலவிடக்கூடாது. சட்டம் இருக்கும், அதைக் கேட்க ஆள் போகமுடியாது. 1980 நிதியாண்டு தொடங்கி ஏறக்குறைய 20 ஆண்டுகள் இப்படியே ஓடின. கடைசியில் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கலந்து பேசி, குவாரிகளுக்கென்று தனி விதி 1999 செப்டம்பரில் வெளியாகி 2000 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முதல் நான்கு மணி நேரப் பயிற்சி வேலை தொடங்கும் முன்பே. மீதம் 90 நாளுக்குள். தொழிலாளிக்குப் புரியும் மொழியில்தான் பயிற்சி என்பதும் அதில் இருக்கிறது. நான்கு மணி நேரம் குறைவுதான். ஆனாலும் ஒரு சின்ன குவாரி முதலாளி சாக்குச் சொல்ல முடியாத அளவு.

நம் சட்டத்திலும் கல்லுக்கும் மண்ணுக்கும் ஒரு சலுகை இருக்கிறது. கட்டுமானக் கல், சரளை, செம்மண் போன்றவற்றைத் தோண்டும் திறந்தவெளிக் குவாரி ஆறு மீட்டர் ஆழத்தைத் தாண்டாமல், ஐம்பது பேருக்கு மேல் வேலைக்கு வைக்காமல், வெடி வைக்காமல் இருந்தால் சுரங்கச் சட்டத்தின் பெரும்பகுதி அதைத் தொடாது. மூன்று நிபந்தனையும் ஒருசேர நிறைவேறவேண்டும். கரூர், பெரம்பலூர், விருதுநகர்ப் பக்கம் பேருந்தில் போனவர்கள் சொல்லட்டும்: ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் பாறை உடைக்கும் குவாரிகளில் ஆறு மீட்டரோடு நின்றது எத்தனை? ஆகவே அவை சட்டத்துக்குள்தான் இருக்கின்றன. 12 நாள் பயிற்சியும் சட்டப்படி அங்கே உண்டு.

அப்படி ஒரு குவாரிக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, ஒடிசாவிலிருந்து வந்து ஜாக்ஹாமர் போடும் இளைஞர் ஒருவரிடம் பயிற்சி பற்றிக் கேட்டேன். அவருக்கு என் தமிழ் புரியவில்லை. எனக்கு அவர் ஒடியா வராது. பக்கத்தில் நின்ற, வேலையை மேற்பார்க்கும் மேட் பதில் சொன்னார்: "ரெண்டு நாள் நம்ம ஆளுகூடவே நிப்பான் சார். பாத்துப் பழகிக்குவான்." அவர் அதை மறைக்கவேண்டிய விஷயமாகவே நினைக்கவில்லை. "வெடி வைக்கும்போது?" என்றேன். "விசில் அடிச்சா ஓடிருவான்" என்று சிரித்தார். அந்த இளைஞரும் கூடச் சிரித்தார். எதற்கென்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

கெட்டியான பாறையை வெட்டும் இடத்தில் படிப்படியாக இறங்கவேண்டும், ஒரு படியின் உயரம் ஆறு மீட்டரைத் தாண்டக்கூடாது, அகலம் உயரத்துக்குக் குறையக்கூடாது என்று 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. குவாரிக்காரர்கள் இதை பெஞ்ச் என்பார்கள். 2022 மே மாதம் திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளத்தில் முந்நூறு அடி ஆழக் குவாரிக்குள் இரவில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கியபோது தமிழ்நாடு முழுக்க அந்தக் குழியைத் தொலைக்காட்சியில் பார்த்தது. பெஞ்ச் இல்லாத சுவரின் அடியில் நிற்காதே என்பது அரை மணி நேரப் பாடம். அந்த அரை மணியோடு, நிற்க மறுத்தாலும் நாளைக்கு வேலை உண்டு என்ற உறுதியும் சேர்ந்து வரவேண்டும். இல்லையென்றால் பயிற்சி அவருக்குத் தருவது பயத்தை மட்டும்தான்.

பயிற்சிக்கு எல்லை உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1975 டிசம்பர் 27 அன்று, இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில், பழைய சுரங்கக் குடைவில் தேங்கியிருந்த நீர் இடைச்சுவரை உடைத்துக்கொண்டு பாய்ந்து 370க்கும் மேற்பட்டோரை மூழ்கடித்தது. அவர்களில் எவர் எத்தனை நாள் பயிற்சி பெற்றிருந்தாலும் பிழைத்திருக்கமாட்டார்கள். 2010 ஏப்ரல் 5 அன்று மேற்கு வர்ஜீனியாவின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் 29 பேர் இறந்த வெடிப்பும் அப்படியே. அங்கே ஆய்வாளர் வாசலுக்கு வந்ததும் உள்ளே தகவல் போய்விடும். ஆபத்துகளை எழுத ஒரு குறிப்பேடு, ஆய்வாளருக்குக் காட்ட இன்னொன்று. நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பிறகு ஓராண்டு சிறை சென்றார். மேலே இருப்பவர்கள் செய்யும் பிழைக்குக் கீழே இருப்பவர்களுக்கு வகுப்பெடுத்துப் பயனில்லை.

உடல்நலம் என்ற பாதியில் இரண்டு தரப்பும் தேறவில்லை என்பது என் எண்ணம். பாறை விழுந்தால் சத்தம் கேட்கும். தூசி விழுவது தெரியாது. கோலார் தங்கவயலில் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். பாறை வெடிப்பில் இறந்தவர்களை ஊர் அறியும். சிலிகா தூசியால் நுரையீரல் கெட்டு, வேலையைவிட்டு நின்றபின் வீட்டுத் திண்ணையில் இருமி இறந்தவர்களைக் குடும்பம் மட்டும்தான் அறியும். சுரங்கம் 2001இல் மூடப்பட்டுவிட்டது. இன்று உலர்ந்த பாறையில் தண்ணீர் விடாமல் துளை போடும் ஒவ்வொரு குவாரியிலும் அதே தூசி பறக்கிறது. அமெரிக்காவும் 2024இல்தான் சுரங்கக் காற்றில் சிலிகாவின் அளவைக் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமாகக் குறைத்து விதி போட்டது. 2025இல் அதன் அமலாக்கம் தள்ளிப்போனது. இருமல் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத்தான் வரும் என்பதால் அதற்கான பாடத்தையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாடும் நினைக்கின்றனபோலும்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், தொடக்கப் பயிற்சிக்கு நம் விதி. அதன் பிறகு எல்லாவற்றுக்கும் அவர்கள் விதி. நம் 24 நாளையும் 12 நாளையும் குறைக்காமல், ஆண்டுக்கு ஒரு நாள் மறுபயிற்சி, அதற்குச் சம்பளம், பயிற்சி இல்லாதவரைச் சம்பளத்தோடு வெளியே அனுப்பும் அதிகாரம் என்ற மூன்றையும் சேர்த்தால் போதும். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தை உள்வாங்கிக்கொண்ட 2020 தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் கீழ் இதற்கு விதி எழுத இடமிருக்கிறது.

விதி வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் கல்குவாரி இருந்தால், அங்கே கடைசியாகப் பயிற்சி நடந்தது எந்தத் தேதியில், எத்தனை பேருக்கு, எந்த மொழியில் என்று கேட்டுப்பாருங்கள். தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்துக்குச் சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்.